பன்னிரண்டு கண்ணாடிகளும் ஒரு பூச வேட்டியும்

பினாங்கு,
29 அக்டோபர் 1984

மரியாதைக்குரிய அண்ணி மங்களம் அவர்களுக்கு,

இந்தக் கடிதம் முதலில் அண்ணன் கைக்குத்தான் போகும், அதை அவர் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார் என்பதால்தான் இந்த மரியாதை. அண்ணே, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு லோரியைக் கழுவப் போங்கள்.

போய்விட்டாரா? சரி. மங்களம், ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். தீபாவளிக்கு வந்துவிட்டு பஸ் பிடிக்க ஓடிய அவசரத்தில் முறுக்கு டின்னை மறக்காமல் எடுத்துக்கொண்டேன், என் மரப்பெட்டியை அலமாரிமேல் விட்டுவிட்டேன். ஆறாம் வகுப்புவரை உன் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பென்சிலை மறந்தவள்தானே நான். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ அண்ணியான பிறகும் என் மறதி மாறவில்லை.

அந்தப் பெட்டியில் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. நீ அன்றே எட்டிப் பார்த்து, "இதுக்குத்தான் ரெண்டு வருஷமா படிக்கிறியாடி? வெத்தல எச்சி பட்ட கண்ணாடியாட்டம் இருக்கு" என்றாய். அந்த ரோஸ் நிறம்தான் என் இரண்டு வருடம். சாயத்தைக் கொழுப்போடு சேர்த்துத் தண்ணீர்மேல் பாலாடைபோலப் படரவிட்டு, கண்ணாடியை அதில் முக்கி முக்கி எடுத்து, ஆடைமேல் ஆடையாக ஏற்றியிருக்கிறேன். எல்லா ஆடைகளும் சேர்ந்தும் ஒரு தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதற்குள் சாயத்தின் மூலக்கூறுகள் சிதறி நின்றால் ரோஸ். நெருங்கி வரிசையாகச் சேர்ந்தால் வேறு நிறம் வரவேண்டும். சூடு காட்டினால் அவை சேருமா, கலையுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. தோட்டத்தில் பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசைக்கு வருவதை நினைத்துக்கொள். என் ஆட்கள் இதுவரை ஒரு நாளும் வரிசைக்கு வந்ததில்லை.

ஜனவரி முப்பதாம் தேதி ஆய்வுக் குழு உட்காரும். அதற்குள் உருப்படியாக ஒன்றைக் காட்டாவிட்டால் என் படிப்பு அத்தோடு முடிந்தது. பாரிட் புந்தாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாகப் போகவேண்டியதுதான். ஆகவே பெட்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொள். வெயில் படக்கூடாது, விரல் படக்கூடாது. எல்லாவற்றையும்விட, ஈரம் படவே கூடாது. ஈரம்தான் எங்களுக்கு எமன். அடுத்த மாதம் அண்ணன் பட்டர்வொர்த்துக்கு ரப்பர் ஏற்றி வரும்போது கொடுத்தனுப்பு.

உன்,
நவமணி


கிணற்றடித் தோட்டம், சுங்கை சிப்புட்,
12 நவம்பர் 1984

நவமணிக்கு,

உன் அண்ணன் லோரி கழுவப் போகவில்லை. முழுக்கப் படித்தார். வெற்றிலை எச்சில் என்ற இடத்தில் பக்கத்து வீட்டு இருளாயி அக்கா சிரிக்க ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை.

இங்கே பத்து நாளாக மழை. கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது. உன் அண்ணன் கல்யாணத்துக்குக் காலில் போட்ட சப்பாத்தை எடுத்துப் பார்த்தால் பச்சையாகப் பூசணம். உன் பெட்டிக்கும் அந்தக் கதி வந்துவிடக்கூடாது என்று தோட்டத்திலேயே மழை எட்டிப் பார்க்காத இடத்தில் வைத்து எடுத்துவிட்டேன். மழைக்காலத்தில் பாதிப் பேருடைய பிறப்புப் பத்திரமும் கருவாடும் அங்கேதான் இருக்கும். நான் ஆறு வருடமாக வேலை பார்க்கிற இடம், எனக்குத் தெரியாதா?

நீ சொன்னபடி விரல் படவில்லை. வெயில் படவில்லை. பெட்டி சௌக்கியம். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. தீபாவளிக்கு வந்தபோது உன் கன்னம் ஒட்டிக் கிடந்தது.

மங்களம்


பினாங்கு,
3 டிசம்பர் 1984

அண்ணி அவர்களுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. படகுத்துறையில் அண்ணன் அதை என் கையில் கொடுத்து, "பத்திரமா இருந்துச்சு நவமணி. உங்கண்ணி புகைவீட்டுல வெச்சி எடுத்தா" என்று பெருமையாகச் சொன்னார்.

புகைவீட்டில்! ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு விறகு எரித்துப் புகைபோடுகிற அறையில், என் இரண்டு வருட உழைப்பு! ஆய்வுக்கூடத்தில் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டும் நீலமாகிவிட்டன. ஒன்றில்கூட ரோஸ் இல்லை. புகை ஏறியதா, கெட்டுப்போனதா, என்னவென்றே தெரியவில்லை. புதிதாகச் செய்ய ஒன்றுக்கு ஒரு நாள் ஆகும். ஜனவரி முப்பதுக்குள் நான் என்ன காட்டுவேன்?

வைப்பதற்கு முன் யாரைக் கேட்டீர்கள்? ஒரு வார்த்தை எழுதிக் கேட்டிருக்கலாம். உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?

நவமணி


கிணற்றடித் தோட்டம்,
10 டிசம்பர் 1984

நாத்தனார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அண்ணன் உரக்கப் படித்தார். கடைசி வரி வந்ததும் குரல் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது, உண்மைதான். இனி உங்கள் சாமான் எதையும் தொடமாட்டேன். பொங்கலுக்கு வந்தால் உங்கள் பாயை நீங்களே விரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் சௌக்கியம். பூனையும் சௌக்கியம்.

மங்களம்


பினாங்கு,
20 டிசம்பர் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

பூனையை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

கெட்டுப்போன கண்ணாடிகளைக் கழுவித் துடைக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து என் மேற்பார்வையாளர் டாக்டர் ஞானசேகரம் உள்ளே வந்தார். ஈப்போவில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், அதிகம் பேசாத மனிதர். ஒன்றை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமலே அதைக் கருவிக்குள் வைத்தார். எந்த நிற ஒளியை எவ்வளவு குடிக்கிறது என்று கோடு கீறிக் காட்டும் கருவி அது. எப்போதும் என் கண்ணாடிகளுக்கு மொண்ணையான மேடுதான் வரும். அன்று ஊசிபோல ஒற்றை முனை எழுந்தது.

"என்ன பிள்ளை இது? எல்லாம் வரிசையாச் சேர்ந்திருக்குது. இப்பிடி ஒண்டை நான் இவ்வளவு காலத்தில காணேல்லை. ஆர் செய்தது?" என்றார்.

நான், "எங்க அண்ணி, சார்" என்றேன். "அவ எந்த யூனிவர்சிட்டி?" என்று கேட்டார்.

ஆகவே எனக்குக் கொஞ்சம் விவரம் வேண்டியிருக்கிறது. எத்தனை நாள் வைத்தீர்கள், எவ்வளவு சூடு, எந்த மூலையில். போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. வேலை நெருக்கடி, அதுதான் காரணம்.

நவமணி


கிணற்றடித் தோட்டம்,
27 டிசம்பர் 1984

நாத்தனார் அவர்களுக்கு,

நான் புகைவீட்டு யூனிவர்சிட்டி. கதவு எண் இரண்டு.

விவரம் கேட்டீர்கள். சூட்டு மீட்டரை ஒரு நாளைக்கு மூன்று முறை பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. அதைப் பார்த்து எழுதுகிறேன். மீட்டர் வெள்ளைக்காரன் காலத்து ஃபாரன்ஹீட். முதல் நாள் 110, இரண்டாம் நாள் 120, மூன்றாம் நாள் 130, நான்காம் நாள் 140. ஐந்தாம் நாள் காலையில் ஷீட்டோடு உங்கள் பெட்டியையும் இறக்கினேன். கதவிலிருந்து மூன்றாவது வரிசை, மேல்தட்டு. பிஸ்கட் டின்னுக்குள் பெட்டி இருந்தது.

நிறம் மாறியதை அன்றே பார்த்தேன். நம் ஷீட் வெள்ளையாக உள்ளே போய்ப் பழுப்பாகத் திரும்பும். அதுபோல உங்கள் கண்ணாடியும் பதமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது பாருங்கள், அதனால் சந்தோஷப்பட்டேன்.

கொஞ்சம் காரம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இன்னும் வாய் எரிகிறது.

மங்களம்


பினாங்கு,
8 ஜனவரி 1985

அடியே மங்களம்,

அண்ணன் படித்தால் படிக்கட்டும். ஊருக்கே கேட்கட்டும். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வேலை நெருக்கடி என்று போன கடிதத்தில் எழுதியது பொய். எனக்குக் கோபம் வந்தது, உன்னை மட்டமாக நினைத்தேன், அதை எழுதியும் விட்டேன். எழுதிய நாளிலிருந்து என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

நீ கொடுத்த கணக்கை அப்படியே பின்பற்றினேன். மின்சார அடுப்பில் புதுக் கண்ணாடிகளை வைத்து, நாலு நாளும் நீ எழுதிய அதே சூடு. திறந்து பார்த்தால் நீலம் இல்லை. இருந்த ரோஸும் வெளுத்துவிட்டது. சேர்ந்திருந்த கொஞ்சநஞ்ச மூலக்கூறுகளும் கலைந்து ஓடிவிட்டன. ஒருவேளை புகைதான் காரணமோ என்று, டாக்டர் ஞானசேகரத்தின் சுருட்டுப் புகையைக்கூட ஊதிப் பார்த்தோம். எங்களுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இரண்டாவது தடவை வராத ஒன்றைக் குழு ஏற்றுக்கொள்ளாது. தற்செயல் என்று ஒதுக்கிவிடும். மங்களம், உன் கை ஏதோ ஒன்று செய்திருக்கிறது. நீ அதை எழுதவில்லை. அற்ப விஷயம் என்று தோன்றினாலும் எழுது. தப்பு என்று தோன்றினால் கட்டாயம் எழுது. நான் கோபப்படமாட்டேன், சத்தியம்.

நவமணி


ஈப்போ போஸ்ட்டாபீஸ்,
12 ஜனவரி 1985

அடியே நவமணி,

பொங்கல் துணி எடுக்க ஈப்போவுக்கு வந்தேன். உன் அண்ணன் லோரியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் எழுதி இங்கேயே பெட்டியில் போடவேண்டும். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ சத்தியம் செய்ததால் சொல்கிறேன். ஈரம் படவே கூடாது என்று எழுதியிருந்தாய். நான் ஈரத் துணி சுற்றினேன்.

ஏன் என்று கேள். ஷீட்டை நாங்கள் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் புகைவீட்டில் ஏற்றுவோம். முதல் நாள் ஈரச்சூடு, பிறகுதான் மெல்ல மெல்லக் காயும். அவசரப்பட்டு வெறும் சூடு காட்டினால் ஷீட் கொப்புளம் போட்டுவிடும். உன் கண்ணாடியிலும் தோல்போல ஒன்று இருக்கிறதே, அதுவும் கொப்புளம் போட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். பிஸ்கட் டின்னுக்கு மூடியும் இல்லை. ஆகவே ஒரு வேட்டியை நாலாக மடித்து நனைத்து, டின்னைச் சுற்றி வாயையும் மூடிக் கட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். கண்ணாடியில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஆனால் உள்ளே நீராவி இருந்திருக்கும்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்பாய். நீ கூடாது என்று சொன்னதைச் செய்தது ஒன்று. இன்னொன்று அந்த வேட்டி. அது உன் அண்ணனுடைய தைப்பூச வேட்டி. கைக்கு அதுதான் அகப்பட்டது. புகையெல்லாம் அதிலேயே இறங்கி ஷீட் நிறத்துக்கு வந்துவிட்டது. எத்தனை வெளுத்தும் போகவில்லை. ஆற்றில் துவைக்கும்போது அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். பூசம் நெருங்குகிறது, மனிதர் தினமும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். நான் எப்படிக் கடிதத்தில் எழுதுவேன், நான் எழுதுவதையும் அவர்தானே படித்துவிட்டுத் தபாலில் போடுகிறார்!

பதில் எழுதும்போது வேட்டி என்ற பேச்சே வரக்கூடாது. அவர் வருகிறார்.

மங்களம்


பினாங்கு,
24 ஜனவரி 1985

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

வந்தது! வந்தது! வந்தது!

நீங்கள் சொன்ன முறையில் செய்தேன். அடுப்புக்குள் ஒரு தட்டில் தண்ணீர், பெட்டியைச் சுற்றி நனைத்த பஞ்சு. நாலாம் நாள் திறந்தபோது ஆறு கண்ணாடியும் நீலம். அதே ஊசி முனை. இரண்டு வருடமாக ஈரத்தை எதிரியாக நினைத்து, அது எட்டிப் பார்க்காதபடி பூட்டிப் பூட்டி வைத்தவள் நான். வெறும் சூட்டில் கலைந்து ஓடிய என் ஆட்கள், கொஞ்சம் நீராவி கிடைத்ததும் ஒழுங்காக வரிசையில் நின்றுவிட்டார்கள். டாக்டர் ஞானசேகரம் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் ஒரு சிக்கல். "குழுவில கட்டாயம் கேப்பினம், பிள்ளை. வெள்ளைத் துணிக்கு எங்கட சனம் நீலம் போடுறதெல்லே? முதல் பன்னிரண்டிலயும் அந்த நீலம்தான் ஒட்டினது எண்டு ஆரும் சொன்னால் என்ன செய்வீர்?" என்கிறார். முதல் பன்னிரண்டுதான் மிக நல்ல கண்ணாடிகள். அவை விழுந்தால் என் அறிக்கையில் பாதி விழுந்துவிடும்.

ஆகவே அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் அந்த வெள்ளைப் பொருள், இப்போது வெள்ளையாக இல்லாத பொருள், எனக்கு முப்பதாம் தேதிக்குள் வேண்டும். அதை நனைத்துப் பிழிந்த தண்ணீரைக் கருவியில் வைத்துப் பார்க்கவேண்டும். எப்படிக் கொண்டு வருவீர்கள் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு என் வணக்கம்.

நவமணி


கிணற்றடித் தோட்டம்,
28 ஜனவரி 1985

நவமணி,

"அரிசிப் பானைக்குப் பின்னால் என்ன வெள்ளைப் பொருள்?" என்று படிப்பதை நிறுத்திவிட்டு உன் அண்ணன் எழுந்து போனார். நீ எவ்வளவு படித்து என்ன, ரகசியம் எழுதத் தெரியவில்லையே!

வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "ஆத்தோட போச்சுன்னு நெனச்சி, நான் பாலம் வரைக்கும் ரெண்டு தடவ நடந்து தேடுனேன்லா மங்களம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் அவரே, "என் வேட்டிய வெச்சித்தான் என் தங்கச்சி பாஸ் பண்ணணும்னு இருக்கு போல" என்று சிரித்தார்.

வேட்டியையும் சூட்டுப் புத்தகத்தின் பக்கங்களையும் இந்தக் கடிதத்தையும் அவரே கொண்டு வருகிறார். உன் சாருக்குச் சொல், நான் நீலம் போடுவதே இல்லை. உன் அண்ணனுக்கு நீலம் பட்டால் உடம்பு அரிக்கும். ஆனாலும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை வைத்து நானும் புத்தகத்தில் சூடு எழுதமாட்டேன்.

மங்களம்


பினாங்கு,
31 ஜனவரி 1985

என் மங்களத்துக்கு,

பிழைத்தேன். இன்னும் இரண்டு வருடம் கொடுத்துவிட்டார்கள். பாரிட் புந்தாரில் என்னைவிட நல்ல ஆசிரியை யாராவது கிடைப்பார்.

டாக்டர் ஞானசேகரம் சொன்ன அதே கேள்வியை வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கேட்டார். நான் மேசைமேல் வேட்டியை விரித்தேன். அறை முழுக்க நம் புகைவீட்டு வாசனை. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிழிந்த தண்ணீரின் கோட்டைக் காட்டினேன், அதில் நீலத்தின் சுவடே இல்லை. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சூட்டுக் கணக்கை யார் எழுதியது என்று கேட்டார். உன் புத்தகத்தின் பக்கங்களை அண்ணன் வேட்டியோடு கொண்டு வந்திருந்தார் அல்லவா, அதைக் கொடுத்தேன். மூன்று வேளையும் தவறாமல் எழுதியிருக்கிறாயே, அந்த ஒழுங்கை அவர் மெச்சினார். அண்ணன் வெளியே நாற்காலியில் வேட்டி கட்டிய மாப்பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டிதான் உள்ளே இருந்தது.

அறிக்கையில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதைத் தமிழில் சொல்கிறேன்: "ஈரச்சூட்டில் இந்த நிறமாற்றத்தை முதன்முதலில் பெற்றவர் திருமதி மங்களம் பத்துமலை, புகைவீட்டுத் தொழிலாளி, கிணற்றடித் தோட்டம்." அண்ணன் பெயரும் உன் பெயரோடு சேர்ந்து அச்சேறும். அச்சடித்ததும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அண்ணனுக்கு ஒரு புது வேட்டி இந்தப் பார்சலில் இருக்கிறது. உனக்கு ஒரு பிஸ்கட் டின். மூடியோடு.

உன்,
நவமணி


கிணற்றடித் தோட்டம்,
8 பிப்ரவரி 1985

அடியே நவமணி,

புது வேட்டி வந்தது. உன் அண்ணன் அதைக் கட்டவில்லை. ஈப்போ குனோங் சீரோ கோயிலில் அந்தப் பழுப்பு வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் பால்குடம் எடுத்தார். வழியில் கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும், "இது யூனிவர்சிட்டி வரைக்கும் போயிட்டு வந்த வேட்டிலா" என்றார். நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

நீ எழுதிய வரியை அவர் உரக்கப் படித்தார். இருளாயி அக்கா இன்னொரு முறை படிக்கச் சொன்னது. பிறகு தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டதால் மூன்றாம் முறையும் படித்தார். என் பெயரை அத்தனை தடவை யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே போய் அடுப்பை ஊதுவதுபோல உட்கார்ந்துகொண்டேன். சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் மூன்றாம் தேதிக் கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "உங்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?" என்று. அன்று கோபத்தில் பதில் எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன், வேண்டுமானால் அறிக்கையில் சேர்த்துக்கொள்.

காய்ந்து கிடப்பதன்மேல் வெறும் சூட்டைக் காட்டக்கூடாது. முதலில் கொஞ்சம் நனைக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த தடவை வா, பாயை நானே விரிக்கிறேன்.

மங்களம்